பழைய ஜாவாவைப் பிடுங்கிய மதியம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியவன் நான். இதை எந்த மேடையிலும் தயங்காமல் சொல்வேன். பீளமேட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில், ஒரே ஒரு பழைய லேத்தை வைத்துத் தொடங்கினேன். இன்று எங்கள் பம்ப்செட் கோபிசெட்டிபாளையத்து வாழைத் தோட்டங்களில் தண்ணீர் எடுக்கிறது என்றால், அதற்குப் படிப்பு காரணம் இல்லை, இந்தக் கைகள்தான். பட்டறையில் ஓடும் ஒவ்வொரு மிஷினுக்கும் நானே லெவல் பார்த்துத் தரையில் நிறுத்தியிருக்கிறேன். இதையெல்லாம் கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. பட்டறைக்கு வெளியே சொல்லாத ஒன்று இருக்கிறது.

எங்களிடம் எந்தப் பம்பும் டெஸ்ட் பண்ணாமல் வெளியே போகாது. தண்ணீர் எவ்வளவு தள்ளுகிறது, கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்பதெல்லாம் டெஸ்ட் ரூம் கம்ப்யூட்டரில் ஏறும். அதிலிருந்து ஒரு தாள் அச்சாகிப் பம்போடு போகும். யாரோ ஒருவர் என்றோ எழுதிக் கொடுத்த புரோகிராம் அது. பல வருடக் கணக்கு அதன் டேட்டாபேஸுக்குள் கிடந்தது. அதையெல்லாம் வெளியே எடுத்துப் புதிதாக ஒழுங்கு செய்ய வேண்டும் என்றான் என் மகன். அவன்தான் இப்போது நிர்வாகம். ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தான்.

டெஸ்ட் ரூமைப் பார்த்துக்கொள்ளும் பெண் அவனிடம் போய் நின்றாள். எங்களிடம் வார்ப்பு அச்சு போடும் மோல்டராக இருந்தவரின் மகள். வேலைக்கு வந்துகொண்டே கம்ப்யூட்டர் படித்தவள்.

"நானே செஞ்சு தாரேனுங்க. வெளியாளுக்கு நம்ம பம்பைப் பத்தி என்ன தெரியும்?"

"சரி, செஞ்சு காட்டுங்க, பாக்கலாம்" என்றான் மகன், அரை மனதோடு. அவள் கேட்டு வாங்கிய வேலை அது.

அதற்கு ஒரு கருவி வேண்டுமாம். டேட்டாபேஸைத் திறந்து பார்த்து உள்ளே வேலை செய்கிற புரோகிராம். அதை ஏற்றிய அன்று நானும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நான் இல்லாமல் என் பட்டறையில் எதையும் நிறுத்தியதில்லை. கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

"அந்தக் காத்துப் போற ஓட்டையில பூசிப்போடாதீங்க ஐயா. அதுக்கு மூச்சு முட்டிக்கும்."

"நான் நிறுத்துன மிஷின் எதுவும் மூச்சு முட்டி நின்னதில்ல அம்மணி."

"இது உங்க பேரைக் கேட்டாப் பயப்படாதுங்க."

அந்தக் கருவி ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. அதனால் முதலில் புது ஜாவாவை ஏற்றினாள். எதற்கு என்று கேட்டேன். "பவுண்டேஷன் போடாம லேத்தை நிறுத்துவீங்களாங்க?" என்றாள். அது எனக்கு நன்றாகப் புரிந்தது. ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு பட்டியலைத் திறந்தாள். அதில் ஜாவா என்று, வேறு வேறு தேதியோடு, இரண்டு வரி இருந்தது.

"ரெண்டு கிடக்குதே?"

"இருக்கட்டுங்க" என்றாள், திரையைப் பார்த்தபடியே.

கருவி திறந்தது. ஜாவா எங்கே இருக்கிறது என்று அது கேட்டது, காட்டினாள். பத்து நிமிடத்தில் எங்கள் பம்ப் கணக்கெல்லாம் வரிசையாக வந்து நின்றது. அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. "சோறு தின்னுட்டு வாரேனுங்க. அதுவரைக்கும் கை வெக்காம இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

புது மிஷின் நிறுத்தும்போது பழைய பவுண்டேஷன் போல்ட்டைத் தரையோடு அறுத்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதிர்வு வரும். இது என் பட்டறைச் சட்டம். இந்தப் பெண்ணுக்கு அது எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். பட்டியலைத் திறந்து பழைய ஜாவாவை நீக்கினேன். நிச்சயமா என்று இங்கிலீஷில் கேட்டது. எஸ்ஸும் நோவும் படிக்க எட்டாம் வகுப்பு போதும். எஸ்ஸை அமுக்கினேன். அடுத்த முறை வியாபாரி யாராவது வந்தால், இதையும் நானே நிறுத்தினேன் என்று சொல்லலாம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

கோபிக்குப் போகும் லாரியில் பம்புகள் ஏறிவிட்டிருந்தன. டெஸ்ட் தாள் எடுக்க ஃபோர்மேன் வந்தார். "ஏனுங்கய்யா, இது தொறக்கவே மாட்டேங்குதுங்களே." பழைய டெஸ்ட் புரோகிராம் அந்தப் பழைய ஜாவாவின் மேல்தான் நின்றிருக்கிறது. அது என் வேலைதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மகன் வந்தான். இரண்டு பிட்டர்கள் வந்தார்கள். அவளும் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். எல்லோர் முன்னாலும் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"என்னத்த அம்மணி பண்ணிப்போட்ட?"

அவள் பட்டியலைத் திறந்தாள். ஜாவா என்று ஒரு வரிதான் இருந்தது. என்னை ஒரு முறை பார்த்தாள். "பாக்கறேனுங்க" என்றாள்.

"இதுக்குத்தான் வெளிய குடுத்தரலாம்னு சொன்னேன். நாளைக்கே பேசிடறேன்" என்றான் மகன். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பழைய ஜாவாவைத் தேடிப் பிடித்து அவள் திரும்ப ஏற்றினாள். ஐந்து மணிக்குத் தாள்கள் அச்சாகி லாரி கிளம்பியது. வேலை மட்டும் அவள் கையை விட்டுப் போயிருந்தது.

முன்பு லேத் ஓட்டிய ஒருவன் ஒரு பம்ப் பாடியை அளவு தப்பிக் கடைந்துவிட்டு, பக்கத்து ஆள்மேல் போட்டான். தப்புப் பண்ணினால் பரவாயில்லை, அடுத்தவன் தலையில் போடுகிறவன் என் வாசலில் நிற்கக் கூடாது என்று அன்றே அவனை அனுப்பினேன். அந்தக் கதையை எத்தனை இடத்தில் பெருமையாகச் சொல்லியிருப்பேன். தொழிலாளிகள் முன்னால் முதலாளி தலை குனியக் கூடாது என்று இப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் ஓடியது. அவள் எப்போதும் போல "வாங்க ஐயா" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மூன்றாம் நாள் டீ நேரத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது சொன்னேன். "அன்னைக்கு அந்தப் பழைய ஜாவாவை எடுத்தது நான்தான். அம்மணி மேல தப்பில்ல."

ஃபோர்மேன் டீ கிளாஸுக்குள் பார்த்தார். "அதானே பாத்தேன்" என்று பின்னால் யாரோ முனகினார்கள்.

"அப்பா, உள்ள போய்ப் பேசிக்கலாம் வாங்க" என்றான் மகன்.

"இங்கதான்டா பழி போட்டேன். உள்ள போய் என்ன பேசறது?" அவளிடம் திரும்பினேன். "உனக்குத் தெரியும்தானே கண்ணு? ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க ஒத்துக்குவீங்கன்னு தோணலைங்க ஐயா."

கோபமாகச் சொல்லவில்லை. மணி கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். பட்டறை முழுக்க அதைக் கேட்டது. இத்தனை வருடம் நான் சொல்லி வந்த என் கதையில், தன் தப்பை ஒத்துக்கொள்ளாத இப்படி ஒரு ஆளை நான் சொன்னதே இல்லை.

மகன் அந்த வெளிக் கம்பெனிக்கு போன் செய்து வேண்டாம் என்றான். வேலையைத் தொடரச் சொல்லி நானே அவளிடம் கேட்டேன்.

"செய்யறேனுங்க. ஆனா கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு போட்டுக்குவேன். உங்ககிட்டச் சொல்ல மாட்டேனுங்க."

சிலர் சிரித்தார்கள். "சரி அம்மணி" என்றேன்.

டெஸ்ட் ரூமுக்கு இப்போதும் போகிறேன். அவள் இருந்தால் உட்காருவேன். இல்லாவிட்டால் கதவோடு திரும்பிவிடுவேன்.