மீத்தேனை இன்னொரு தடவை பார்க்கச் சொன்ன குரல்

தூரத்துக் கோள்களின் காற்று, நட்சத்திர வெளிச்சத்தில் எந்த நிறத்தை எவ்வளவு விழுங்கும் என்று சாப்ட்வேரிடம் கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் எங்கள் தொழில். திரையில் சதவீதம் நகராமல் நிற்பதைப் பார்த்து நகம் கடிக்கும் சக பாவிகளே, உங்களைச் சிரிக்க வைக்கிறேன். இப்போதே அல்ல. ரன் இன்னும் முடியவில்லை.

வராத வெளிச்சம்

காலேஜ் லீவில் இந்த ஆராய்ச்சிக் கூடத்தில் இன்டர்னாகச் சேர்ந்தேன். ஈஜிபுராவில் எங்கள் வீட்டுக்குக் கீழே கேரேஜ் வைத்திருக்கும் பாஷா பாய் என்ன வேலை என்று கேட்டார். அங்கே யாரும் போக முடியாது பாய், வெளிச்சத்தில் எந்த நிறம் வந்து சேரவில்லை என்று பார்த்தால் அங்கே என்ன வாயு இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்றேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"வராததுக்கு பில் போடுறீங்க. நான் போட்டா கஸ்டமர் அடிப்பான்மா."

சாரின் குரல்

எனக்கு மிமிக்ரியில் எல்லார் குரலும் வரும். பாஷா பாய், செக்யூரிட்டி, சர்வர் ரூம் ஏசி, எல்லாமே. ஆய்வுக்குழுவை நடத்தும் எங்கள் சார் மைசூர்க்காரர், ரொம்பச் சுலபம். யார் எதைக் காட்டினாலும் "ஒந்து சல நோடி" என்பார், ஒரு தடவை பாருங்கள் என்று.

ஆராய்ச்சி மாணவி செல்வி அக்காவின் மீத்தேன் அட்டவணை வெள்ளிக்கிழமை டெலஸ்கோப் குழுவுக்குப் போக வேண்டும். தப்பாகப் போனால் அக்காவின் பட்டமே தள்ளிப்போகும். வியாழன் காலை ஸ்டோர் ரூம் இன்டர்காமில் நான் சாராகி, செல்வி அவரே, மீத்தேன் ஒந்து சல நோடி என்றேன். கதவிடுக்கில் பார்த்தால், அக்கா எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"சரி சார், இப்பவே பாக்கறேன் சார்."

யார் இடித்தது

சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனேன். அக்கா முகம் வெளுத்திருந்தது; அட்டவணையில் நிஜமாகவே தப்பு இருந்தது. வாயுக்கள் பஸ் கூட்டம் மாதிரி. பக்கத்தில் இருப்பவன் இடிக்க இடிக்க, மீத்தேன் விழுங்கும் நிறக்கோடு அகலமாகும். அந்தக் கோளில் இடிப்பது ஹைட்ரஜன். அக்காவின் செட்டிங்கிலோ நம் பூமிக் காற்றே இடித்துக்கொண்டிருந்தது. பெருமைப்படவும் வழியில்லை, சிரிக்கவும் வழியில்லை. திருத்தி மறுபடி ஓட்டினோம். வெள்ளி காலை ரன் முடிந்தது.

அனுப்பிவிட்டு அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு நேராக சார் அறைக்குப் போய், நேற்று நீங்கள் கூப்பிடாவிட்டால் மானம் போயிருக்கும் என்று நன்றி சொன்னார். மப்ளர் சுற்றிய சார் அடக்கமாகத் தலையாட்டினார். பிறகு போர்டில் எழுதிக் காட்டினார்: தனக்கு அப்போதே சந்தேகம்தானாம், தொண்டை கட்டி, புதன்கிழமையிலிருந்து பேச்சே வரவில்லையாம்.

அக்கா அதை இரண்டு தடவை படித்தார். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஏண்டி, நேத்து என்னைக் கூப்பிட்டது யாரு?"

இந்தத் துறையில் விடை சரியாக வந்தால் மட்டும் போதாது, அது எப்படி வந்தது என்றும் சொல்லியாக வேண்டும்.