வழியில் நின்ற பீரோ

பக்கத்து வீட்டு ராமசுப்பு அண்ணாச்சிக்குக் கோபம் வந்தால் லேசில் இறங்காது. சங்கரன்கோவிலில் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு வியாபாரம். கடையில் எவ்வளவு பேரம் பேசினாலும் சிரித்துக்கொண்டே நிற்பார். மரியாதை குறைந்துவிட்டதாகப் பட்டால் மட்டும் வேறு ஆள். சலூனில் தன்னை உட்காரவைத்துவிட்டு இன்னொருவருக்கு முதலில் வெட்டினார்கள் என்பதற்காக, இன்றுவரை புளியங்குடிக்கு பஸ் ஏறிப் போய் முடி வெட்டிக்கொள்கிறார். ஊரே சிரிக்கிறது, அவருக்குத் தெரியாமல்.

அப்படிப்பட்டவரிடம்தான் அவர் தங்கை ஆறுமுகத்தாய் மாட்டிக்கொண்டாள். சிவகிரியில் அவள் மகள் காவியாவுக்குக் கல்யாணம். தாய்மாமனுக்கு முதல் பத்திரிகை. அதுவும் தட்டில் வெற்றிலை பாக்கோடு நேரில் வைக்க வேண்டும். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகையை முந்திக்கொண்டு வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். அது எங்கெங்கோ சுற்றி, டீக்கடை இசக்கித்துரையின் போனுக்கு வந்து, "அண்ணாச்சி, மருமவளுக்குக் கல்யாணமாமே?" என்று அவன் நீட்டித்தான் இவருக்கே தெரிந்தது. போதாதா?

தங்கை தட்டோடு வந்தபோது அவர் கைநீட்டி வாங்கவில்லை. "ஊருக்கெல்லாம் போட்ட பெறவு எனக்கு எதுக்குத் தட்டு? அங்கன வெச்சிட்டுப் போ" என்றார். அவள் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு அழுதுகொண்டே பஸ் ஏறினாள். கல்யாணத்துக்குப் போவதில்லை, சீரும் அனுப்புவதில்லை என்று முடிவாகிவிட்டது. சீர் ஏற்கெனவே வீட்டுக்கு வந்து இறங்கியிருந்தது. இரண்டு கதவு இரும்பு பீரோ, அதற்குள் அண்டாவும் குடமும் சருவமுமாக எவர்சில்வர் பாத்திரங்கள். எல்லாம் வீட்டு நடையில் படுக்கையறைச் சுவரோடு சுவராக நின்றன.

எனக்குப் பொறுக்கவில்லை. காவியா அண்ணாச்சி வீட்டிலிருந்துதான் பிளஸ் டூ படித்தாள். பிள்ளையில்லாத மனுஷன் தினமும் அவளை மொபெட்டில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தவர். அந்தப் பெண் என்ன தப்பு செய்தாள்?

கல்யாணத்தன்று காலையில் அவரே கூப்பிட்டார். "ஏலே வெங்கடேசு, டிவி குச்சி இந்த ரூம்ல மட்டும் வைஃபை எடுக்க மாட்டேங்கு. கொஞ்சம் வந்து பாரு."

டிவியில் செருகி இன்டர்நெட்டில் படம் பார்க்கிற அந்தக் குச்சியைத் தெருவில் முதலில் வாங்கியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. போனேன். கூடத்து டிவியில் செருகியிருந்ததைப் பிடுங்கிப் படுக்கையறையில் இருந்த டிவியில் மாட்டி வைத்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி பாக்கணும்?"

"சும்மா, நியூசு."

திரையில் ஒரு கல்யாண மண்டபம் அப்படியே உறைந்து நின்றது. நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மூலையில் 'நேரலை' என்று எழுத்து.

"போன்லயே பாக்கலாமே?" என்றேன், ஒன்றும் தெரியாதவன்போல.

"பிள்ளை கழுத்துல தாலி ஏறுததை உள்ளங்கை அளவுலயா பாக்கச் சொல்லுத?" என்று சீறினார். பிறகு கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மதினிட்ட சொல்லாத."

குச்சியை அணைத்துப் போட்டேன். கூடத்தில் இருந்த ரூட்டரை அணைத்துப் போட்டேன். பாஸ்வேர்டைப் புதிதாக அடித்தேன். கூடத்துக்குக் கொண்டுபோய் மாட்டினால் தண்ணீர்போல ஓடியது. திரும்ப இங்கே வந்தால் வட்டம். போன மாதம்வரை இதே அறையில் ஒழுங்காக ஓடியதாம். போனைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து நடந்து வந்தேன். பீரோவுக்கு முன்னால் சிக்னல் நிறைய. பீரோவைத் தாண்டினால் ஒன்றுமில்லை. இரும்பும் எவர்சில்வருமாகச் சுவர் நீளத்துக்கு அடைத்துக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, சீர்தான் மறிக்கி."

அவர் என்னை முறைத்தார். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருப்பார். "அப்ப நவுத்து" என்றார்.

அந்த ஒடுக்கமான நடையில் நகர்த்த இடமேது? வாசலுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கடை லோடு ஆட்டோ ஓட்டும் பேச்சிராஜைக் கூப்பிட்டோம். கூட இரண்டு பேர் பிடிக்க, பாத்திரமெல்லாம் கடகடவென்று உருள, பீரோ தெருவுக்கு வந்தது. அப்போதுதான் அண்ணாச்சியின் சம்சாரம் முத்துமாரி மதினி அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். தலையில் பூவும் உடம்பில் பட்டுச்சேலையும் இருந்தன. காலையிலேயே உடுத்திக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்திருக்கிறார்.

"ஏலே பேச்சிராஜ், வெயில்ல நின்னா பெயிண்ட் உரிஞ்சிரும். வண்டியிலயே ஏத்திரு" என்றார். ஏற்றிக் கயிறும் கட்டியாயிற்று.

உள்ளே அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். படம் தெளிவாக ஓடியது. மண்டப வாசலைக் காட்டினார்கள். சந்தனமும் பன்னீரும் வைத்துக்கொண்டு சின்னப்பெண்கள் நின்றார்கள். அவர்களைத் தள்ளி, ஆறுமுகத்தாய் தனியாக நின்றாள். கையில் அதே தாம்பூலத் தட்டு. வருகிறவர்கள் கும்பிட்டால் தலையை ஆட்டினாள். கண் மட்டும் ரோட்டின் மேலேயே இருந்தது. உள்ளேயிருந்து மைக்கில் ஒருவர் கேட்டார்: "தாய்மாமன் வந்தாச்சா? பொண்ணுக்கு மாலை போடணும்லா?"

"தட்டை இன்னும் கையிலயே வெச்சிட்டு நிக்காளே" என்றார் அண்ணாச்சி. அவர் குரல் உடைந்தது. பிறகு எழுந்து, "வண்டி கிளம்பிட்டா?" என்றார்.

"உங்களுக்காத்தான் நிக்கி" என்றார் மதினி.

இருந்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் பேச்சிராஜ் பக்கத்தில் ஏறினார். இடித்துக்கொண்டு மதினியும் ஏறினார். "டிவியை அமத்திட்டு வீட்டைப் பூட்டிரு" என்று சாவியை என்னிடம் நீட்டினார்கள். உள்ளே வந்து தேடினால் ரிமோட்டைக் காணோம். சுவிட்சை அணைத்திருக்கலாம்தான். எனக்கு மனசு வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து, தாலி கட்டுக்கு முன்னால் மேளம் உச்சத்துக்குப் போன நேரத்தில் திரையில் அவர் வந்தார். தங்கையிடமிருந்து தட்டை இரண்டு கையாலும் வாங்கி மதினியிடம் கொடுத்தார். காவியா கழுத்தில் மாலையைப் போட்டார். அவள் மாமாவின் தோளில் முகத்தைச் சாய்த்துக்கொண்டாள். அவர் சட்டைப்பையிலிருந்து டிவி ரிமோட் நீட்டிக்கொண்டிருந்தது.

படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.