படத்தில் விழாத தூசி

போன ஞாயிற்றுக்கிழமை சின்னம்மாவைப் படம் எடுக்கலாமென்று டிஜிட்டல் கேமராவைக் கண்ணில் வைத்தேன். சரியாக அவர் மூக்கின்மேல் ஒரு கறுப்புத் தூசி. லென்ஸைத் துடைத்தேன். பிறகு அதைக் கழற்றி, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் பந்தை அழுத்திக் காற்றடித்தேன். பிடிவாதக்காரத் தூசி, அசையவில்லை. தொண்ணூற்றொன்றில் நடந்த என் கல்யாணம் ஞாபகம் வந்துவிட்டது.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. பொம்பளைக்குக் கேமரா எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துக் கொடுத்தே ஸ்ரீபெரும்புதூரில் ஸ்டூடியோ நடத்தியவர். என் கல்யாணத்துக்கும் அவர்தான். குன்றத்தூர் மலைக்கோயிலில், ஏரிக்காற்றில் நின்றபடி லென்ஸ் மாற்றினார். தூசி உள்ளே புகுந்துவிட்டது. மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் கேமராவை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, பொண்ணு மூஞ்சி மேல கறுப்பா கீது!" என்று கூட்டத்தையே திருப்பிவிட்டார். சின்னம்மா லென்ஸைக் கழற்றிக் காற்றடித்தார். போகவில்லை. அந்த நண்பர் கைக்குட்டையோடு உதவிக்கு வந்தார். சின்னம்மா அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டார். உள்கண்ணாடியில் துணி பட்டால் தூசி போய்க் கீறல் வரும்.

வேறு ஆளைக் கூப்பிடலாமே என்று மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. தாலியை இரண்டாம் தரம் கட்டச் சொல்ல முடியுமா?

சின்னம்மா நிதானமாக லென்ஸை மாட்டிக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்: "மாமா, அது நான் பாக்குற கண்ணாடியில கீது. ஃபிலிம்ல வுழாது. மேளத்த வாசிக்கச் சொல்லுங்க."

யாரும் நம்பவில்லை, மணப்பெண் உட்பட. படம் கழுவி வரும்வரை அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. வந்த படங்களில் ஒரு பொட்டுத் தூசி கிடையாது. அப்பா வாயெல்லாம் பல்லாக ஊருக்கே காட்டினார். சின்னம்மா மட்டும் தாலி கட்டும் படத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மணவறையில உன் மூஞ்சிய நான் முழுசாப் பாக்கவே இல்லடி. இப்பத்தான் பாக்குறேன்" என்றார். அத்தனை பேர் சந்தேகப்பட்டபோதும், பார்க்க ஆசைப்பட்ட முகத்தையே தூசி மறைத்தபோதும், அவர் எடுப்பதை நிறுத்தவில்லை. அவர்மேல் எனக்கிருந்த பிரியம் அன்றைக்குத்தான் மரியாதையாகவும் ஆனது.

தூசி படத்தில் விழாது என்று எனக்கும் இப்போது தெரியும். ஆனாலும் அந்த முகத்தை முழுசாகப் பார்த்து எடுக்க ஆசை. மறுபடி ரப்பர் பந்தை எடுத்தேன். உட்கார்ந்து சலித்துப்போன சின்னம்மா சிரித்துவிட்டார்.

"வுடுடி. உன் கண்ணுக்கு முழுசாத் தெரியாட்டி இன்னா? படத்துல நான் இருப்பேன். எடு."

எடுத்தேன்.