தூள் ஆறும்வரை

பிரதேச செயலகம் வாழ்வாதார உதவியாக எனக்கு மிளகாய்த்தூள் அரைக்கும் மெசினைத் தந்தபோது, கனடாவிலிருக்கும் மகள் தொலைபேசியில் சிரித்தாள். "இந்த வயதிலை முதலாளி ஆகிற ஆசையோ அம்மா?" என்றாள். ஆசைதான், ஆனால் வேறு ஆசை. கணவர் இறந்த பிறகு, நெடுந்தீவில் அந்தப் பெரிய வீட்டில் நாள் முழுக்க வாய் திறக்காமலே இருந்திருக்கிறேன். மெசின் இருந்தால் ஆட்கள் வருவார்கள். இதை உத்தியோகத்தரிடம் சொல்ல முடியுமா? வருமானம் வேண்டும் என்றுதான் சொன்னேன்.

ஆட்கள் வந்தார்கள். செத்தல் மிளகாயையும் மல்லியையும் தங்கள் தங்கள் பக்குவத்தில் வறுத்து எடுத்துக்கொண்டு வருவார்கள். விட்டுவிட்டுப் போகமாட்டார்கள், நான் ஏதோ அவர்களுடைய மிளகாயைத் தின்றுவிடுவேன் என்பதுபோல. அரைத்த தூளைச் சூட்டோடு போத்தலில் அடைத்தால் வியர்த்துக் கெட்டுவிடும். அதனால் பேப்பரில் பரப்பிவிட்டு, ஆறும்வரை கதிரைகளில் குந்தியிருப்பார்கள். யாருடைய மாடு யாருடைய தோட்டத்தில் மேய்ந்தது என்பதுவரை எல்லாம் என் விறாந்தைக்கு வந்துவிடும். தும்மித் தும்மிக் கதைப்போம். எனக்கு அது போதுமாக இருந்தது.

மெசினைப் பார்வையிட வந்த உத்தியோகத்தர் நல்ல பிள்ளை. வேலை நன்றாக நடக்கிறது என்று அவரே இரண்டாவது உதவிக்கும் எழுதிப்போட்டார். பெரிய மெசின் வந்தது. பக்கற் ஒட்டும் கருவி வந்தது. தூளை ஆற்ற ஒரு மின்விசிறியும் வந்தது.

"இனி நீங்களே வறுத்து அரைச்சுக் கடையளுக்குக் குடுக்கலாம் அக்கா. ஒருத்தரையும் பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை" என்றார். சந்தோசமாகத்தான் சொன்னார்.

பக்கற்றுகள் படகேறி அக்கரையில் குறிகட்டுவானுக்கும் போயின. ஊர்க் கடைகளிலும் தொங்கின. கடையில் கிடைக்கும்போது யார் அடுப்படியில் நின்று வேகப்போகிறார்கள்? கதிரைகளில் மிளகாய்ச் சாக்குகள் ஏறின. காசு வந்தது, பொய் சொல்லமாட்டேன், அது பிடித்தும் இருந்தது. ஆனால் பின்னேரங்களில் விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும்போது அழுகை வரும்.

அண்மையில் உத்தியோகத்தர் தொலைபேசியில் கேட்டார்: "பழைய மெசின் சும்மாதானே கிடக்கு அக்கா, திருப்பி எடுப்பமோ?"

நியாயமான கேள்வி. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அடுத்த நாள் கோயிலடியிலிருந்து ஒருத்தி வறுத்த மிளகாய்ச் சட்டியும் கையுமாக வந்தாள். முன்பு அடிக்கடி வந்தவள். அவளுடைய மனுசன் சில மாதங்களுக்கு முன் கடலில் இறந்துபோனார்.

"அவருக்குக் கடைத்தூள் பிடிக்காது அக்கா. இப்பவும் அவரின்ரை அளவிலைதான் வறுத்துப்போட்டன்."

பெரிய மெசினில் போட்டு அரைக்க அந்தக் கொஞ்சம் காணாது. பழையதில் அரைத்துப் பேப்பரில் பரப்பினேன். ஒரு சாக்கை இறக்கிவிட்டுக் கதிரையைக் கொடுத்தேன். விசிறியைப் போடவில்லை.

அவள் கதைத்தாள். நானும் கதைத்தேன். வெயில் சாய்ந்துவிட்டது. தூளைத் தொட்டுப் பார்த்தேன், எப்போதோ ஆறியிருந்தது.

"இன்னும் சூடு கிடக்கு, இரும்" என்றேன்.

அவளும் கையை வைத்துப் பார்த்தாள். வைத்த கையைக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"ஓம் அக்கா, சூடுதான்" என்று திரும்பவும் கதிரையில் இருந்தாள்.

விடிந்ததும் உத்தியோகத்தருக்கு அழைத்து, பழைய மெசின் சும்மா கிடக்கவில்லை என்று சொன்னேன்.