நூற்றிருபது என்று எழுதிய வாரம்

வில்டா ஸ்டாம்பர் கென்டக்கியில் லைல் கோம்ப்ஸின் உணவகத்தில் பதினோரு வருடமாகப் பரிமாறி வந்தாள். மதியம் இரண்டு மணிக்கு ஏப்ரனைக் கட்டினால் ஒன்பது மணிக்குத்தான் அவிழ்ப்பாள். மணிக்கு இரண்டு டாலர் பதின்மூன்று சென்ட் சம்பளம். மற்றதெல்லாம் சாப்பிட வருகிறவர்கள் மேசையில் வைத்துவிட்டுப் போகிற டிப்ஸ்தான்.

புறவழிச்சாலை திறந்ததும் லாரிக்காரர்கள் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள். காலை நேரம் மட்டும் உள்ளூர்க்காரர்களால் தப்பித்தது. மதியத்துக்குமேல் ஒரு காபியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள்தான் மிச்சம்.

வாரக் கடைசியில் ஒரு சீட்டில் டிப்ஸ் எவ்வளவு வந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு லைல் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார்.

"எழுதுறப்போ கொஞ்சம் தாராளமா எழுது. எல்லாம் சேர்த்து மணிக்கு ஏழேகால் டாலர் வந்துரணும். இல்லன்னா எனக்குத்தான் தலைவலி."

"அவ்வளவு வரலியே, லைல்."

"வராது. மூஞ்சிய சாவு வீட்டுக்கு வந்தவ மாதிரி வச்சிருந்தா எவன் வைப்பான்? காலைல பரிமாற வர்ற வெர்லினைப் பாரு, பாக்கெட் பிதுங்குது."

அதை வில்டா நம்பினாள். குறை தன் முகத்தில்தான் என்று நினைத்தாள். கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகுவாள். பிறகு வெளியே வந்து, கிழவர்களின் கோப்பையில் காபியை ஊற்றியபடி அதே சிரிப்பைச் சிரிப்பாள். அவர்களில் ஒருவர், "பல்வலியா கண்ணு?" என்று கேட்டார்.

பிப்ரவரியில் வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய நூலகத்துக்குப் போனாள். உதவிக்கு உட்கார்ந்திருந்த பெண் தாளைத் திருப்பிக் காட்டினாள். கைக்கே வராத பணத்துக்கும் சேர்த்து வில்டா வரி கட்ட வேண்டியிருந்தது. எழுதியது அவள் கைதான், கையெழுத்தும் அவளுடையதுதான். என்ன சொல்ல முடியும்?

அந்த வாரம் முப்பத்தைந்து மணி நேரம் வேலை செய்திருந்தாள். சீட்டில் நூற்றிருபது டாலர் என்று உள்ளதை எழுதிவிட்டு வீட்டுக்குப் போனாள். வேலை போய்விடும் என்றே நினைத்தாள்.

திங்கட்கிழமை லைலின் மனைவி கிளென்னா கல்லாப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். சம்பளக் காசோலை எழுதுகிறவள் அவள்தான்.

"இது என்ன வில்டா, நூத்தி இருபதா?"

"அவ்வளவுதான் வந்தது, மிஸ் கிளென்னா."

"இதுக்கு முன்னாடி?"

வில்டா லைல் நின்ற பக்கம் பார்த்தாள். அடுப்படியிலிருந்து சமையல்காரன் ஹோபார்ட், "முன்னாடியும் அதேதான். லைல்தான் ஏத்தி எழுதச் சொல்வாரு," என்றான்.

"நீ முட்டையப் பாரு," என்றார் லைல். "இவ சிரிக்க மாட்டேங்கிறா, அதுக்கு நான் என்ன பண்றது?"

"டிப்ஸ் குறைஞ்சா மீதிய முதலாளி போட்டு ஏழேகால் ஆக்கணும்னுதான் சட்டம், லைல். சிரிச்சாளா அழுதாளான்னு அதுல கேக்கல." கிளென்னாவின் குரல் உயரவே இல்லை. "ஒவ்வொரு வாரமும் கணக்கு அச்சடிச்ச மாதிரி ஏழேகால்ல வந்து நின்னுச்சு. எனக்கு அப்பவே உறுத்துச்சு. கேக்காம விட்டேன். அது என் தப்பு."

குறைந்த ஐம்பத்தொன்பது டாலர் இருபது சென்டுக்கு அங்கேயே காசோலை எழுதினாள். அதோடு விடவில்லை. மதிய நேரத்து பில்களை இரண்டு வருடத்துக்கு எடுத்து வைத்துக்கொண்டு, வில்டாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, எந்த வாரம் எவ்வளவு டிப்ஸ் வந்திருக்கும் என்று பார்த்தாள். வில்டாவுக்குச் சேர வேண்டிய பாக்கி நாலாயிரத்துச் சொச்சம் வந்தது. அதைக் கொடுக்க ஏப்ரலில் லைலின் மீன்பிடி படகு விலைக்குப் போனது. அதை வண்டியில் கட்டி இழுத்துப் போனவனைப் பார்த்தபடி லைல் வாசலில் வெகுநேரம் நின்றார்.

வில்டா வரியைக் கட்டினாள், காருக்கு நாலு டயரும் மாற்றினாள். கண்ணாடி முன்னால் நிற்பதை விட்டுவிட்டாள். பணம் வந்ததைவிட, இத்தனை வருடம் தன்னிடம் குறை இல்லை என்று தெரிந்ததுதான் அவளுக்கு நெஞ்சை நிறைத்தது.

அந்தக் கோடையில் ஒரு புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில், யாருக்காவது நன்றி சொல்ல வேண்டுமா என்று பாஸ்டர் கேட்டார். கூட்டத்தில் ஒருநாளும் பேசாத வில்டா எழுந்தாள்.

"கிளென்னா கோம்ப்ஸுக்கு நன்றி சொல்லணும். அவங்க என் முதலாளியம்மா. பேசாம இருந்திருந்தா அவங்களுக்கு நஷ்டமே இல்ல. ஆனா கேட்டாங்க." உட்கார்ந்துவிட்டாள்.

கிளென்னா பாட்டுப் புத்தகத்தை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். பக்கத்தில் லைல் இருமினார்.

கூட்டம் முடிந்து பின்கூடத்தில் சாப்பாடு. சோளரொட்டித் தட்டோடு லைல் வில்டாவிடம் வந்தார்.

"என்னையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படகு என்னோடதுதானே."

"அடுத்த புதன்கிழமை சொல்றேன், லைல்," என்றபடி வில்டா அவர் தட்டில் பீன்ஸை இன்னொரு கரண்டி வைத்தாள்.