மாம்புரியில் கழுவிய கிணறுகள், ஆலங்குடாவில் கழுவாத கிணறு

கற்பிட்டிப் பக்கம் எப்படிப் போவது என்று இங்கே இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். நான் கடைசியாகப் போனது சுற்றுலாவுக்கு இல்லை. நாட்டுக்குள் புதிதாக வரும் இரசாயனங்களால் என்ன ஆபத்து வரலாம் என்று பார்த்து, விடுவதா தடுப்பதா என்று பரிந்துரைக்கும் ஒரு சிறிய அரசாங்கக் குழுவுக்கு நான் பொறுப்பு. போன செப்டெம்பரில் அந்த வேலையாகத்தான் போனேன். ஆனால் பாதை எல்லோருக்கும் ஒன்றுதானே.

விஷயம் இதுதான். வெங்காய வேரைத் தின்னும் புழுவுக்கு ஒரு புது மருந்து. விற்க விரும்பிய கம்பனி, அதைப் பரீட்சார்த்தமாகக் கற்பிட்டித் தீபகற்பத்தில் ஆறு தோட்டங்களில் போட்டிருந்தது. வெளிநாட்டில் களிமண்ணில் சோதித்த மருந்து. இங்கே இருப்பது வெறும் மணல். மேலே ஊற்றுவது பக்கத்துக் கிணற்றுக்குப் போகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. இரண்டு வாரத்தில் கூட்டம். அதற்குள் கிணற்றுத் தண்ணீரின் முடிவு கையில் இல்லாவிட்டால், கம்பனியின் காகிதங்களை வைத்தே அனுமதி கொடுத்துவிடுவார்கள்.

கொழும்பிலிருந்து காலை ஐந்துக்குப் புறப்பட்டோம். நான், எங்கள் ஆய்வுகூடத்து நிரோஷா, சாரதி நிமல். சிலாபத்தில் பாணும் பருப்பும். புத்தளம் நகருக்குள் போக வேண்டியதில்லை. அதற்குச் சற்று முன், ஏறக்குறைய நூற்றி இருபத்தைந்து கிலோமீற்றரில், பாலாவிச் சந்தி வரும். அங்கே இடது பக்கம் திரும்ப வேண்டும். பஸ்ஸில் வருபவர்கள் சந்தியிலேயே இறங்கிக் கற்பிட்டி பஸ்ஸைப் பிடிக்கலாம்.

மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் அப்படித்தான் வந்தோம், நானும் என் மனைவி வாசுகியும். உப்பளங்களைக் கண்டதும் "ஆரோ கண்ணாடி காயப் போட்டிருக்கினம்" என்றாள். நுரைச்சோலை தாண்டியதும் காற்றாலைகளை எண்ணத் தொடங்கி, ஒவ்வொரு தரமும் பஸ் வளைவில் திரும்ப, கணக்கை விட்டுவிட்டு முதலிலிருந்து எண்ணினாள். கருவாடு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். போன வருடம் டெங்கு வந்து அவள் இறந்துவிட்டாள். இந்தத் தடவை உப்பளம் வந்தபோது நான் கைபேசியில் அலுவலக மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாம்புரியில் முதல் வீடு ஜெசீமா ராத்தாவுடையது; அங்கே அக்காவை ராத்தா என்பார்கள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்து, குத்தகைக் காணியில் வெங்காயம் போடும் குடும்பம். அவர் எங்களை நேரே கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். நெருங்கும்போதே குளோரின் மணம்.

"நேத்தே தண்ணிய இறைச்சுக் கழுவிட்டோம் சேர். பாருங்க, அடி மணல் தெரியுது."

"ஏன் ராத்தா கழுவினீங்க?"

"கொழும்பிலேருந்து தண்ணி பார்க்க ஆக்கள் வாறாங்க எண்டு பள்ளிவாசல்ல சொன்னாங்களே. பாசி புடிச்ச கிணத்தையா காட்டுற? நாலு பேரு என்ன கதைப்பாங்க?"

நிமல் வானத்தைப் பார்த்தார். "கல்யாண வீடு மாதிரி ரெடி பண்ணியிருக்காங்க சேர். மோருக்கு மட்டும்தான் குறை."

"மோரும் இருக்கு, இருங்க," என்று ராத்தா உள்ளே போனார்.

மோர் நன்றாக இருந்தது. கிணறு எங்களுக்கு உதவாது. இறைத்துக் குளோரின் போட்ட தண்ணீரில் நாங்கள் தேடுவது இருந்திருந்தாலும் தெரியாது. அடுத்த நான்கு வீடுகளிலும் அதே வாசம், அதே பெருமை. முன்கூட்டியே கடிதம் அனுப்பி வைத்தது நாங்கள்தான், யாரைக் குறை சொல்ல?

வேனில் ஏறியதும் நிரோஷா மெதுவாகக் கேட்டாள். "சேர், ஆறாவது ஒண்டு இருக்குதானே? ஆலங்குடா. அதுக்குக் கடிதம் போகேல்லை."

போகவில்லைதான். தூரம் என்று சொல்லி அதை நான் விட்டிருந்தேன். தூரம் ஒன்றும் இல்லை, கால் மணி நேர ஓட்டம். அந்தத் தோட்டம் எந்த விடுதிக்குப் பின்னால் இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்திருந்தேன்.

"போவம்," என்றேன்.

விடுதிக்காரர் பாரூக் நானா வேலியடியிலேயே என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க தம்பி, வாங்க. மிஸிஸ் எங்க, வேனுக்குள்ளயா?"

"இல்ல நானா. மௌத்தாகிட்டா. போன வருசம்."

அவர் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, வாய்க்குள் ஓதினார். பிறகு, என்ன வேலையாக வந்தேன் என்று கேட்டார். கிணறு என்றேன்.

"அதுவா? ஒரே பாசி தம்பி. கழுவணும் கழுவணும் எண்டு கிடக்கு. வெக்கமாயிருக்கு."

"அப்பிடியே இருக்கட்டும் நானா."

கபில நிறக் கண்ணாடிப் போத்தலை அதே தண்ணீரால் மூன்று தரம் அலசி, காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, மூடி, ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன். கை தானாகவே செய்தது. நாங்கள் தங்கிய அறையின் கதவு திறந்துதான் இருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பையனின் ஈரத் துவாய் கொடியில் ஆடியது.

முடிவு கூட்டத்துக்கு முதல் நாள் வந்தது. அந்தக் கிணற்றில் மருந்து இருந்தது. மணல் நிலத்தில் அதைப் பாவிக்க அனுமதி இல்லை என்று தீர்மானமானது. ஜெசீமா ராத்தாவின் வெங்காயத்தில் புழு இன்னும் இருக்கிறது.

பாரூக் நானாவுக்கு நானே தொலைபேசி எடுத்தேன்.

"நானா, இனி அந்தத் தண்ணியக் குடிக்க வேணாம். சமைக்கவும் வேணாம்."

"ஓம் தம்பி." வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "ஒண்டு கேக்கிறன், மறைக்காம சொல்லுங்க. உங்கட மிஸிஸ், அந்தப் புள்ள, இங்கேருந்து போகக்குள்ள நம்மட தண்ணியத்தானே பெரிய போத்தல்ல நிரப்பிக்கொண்டு போச்சு? கொழும்புத் தண்ணிய வாயில வைக்கேலாது எண்டு. அதுல ஏதும்…"

"இல்ல நானா. அப்ப அந்த மருந்து நாட்டுக்குள்ளயே வரல்ல. அது நல்ல தண்ணி. நானும் குடிச்சன்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். அவர் அழுதார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவள் போன பிறகு, யாரோடும் அவ்வளவு நேரம் இருந்ததில்லை.

போகிறவர்களுக்கு: டொல்பின் பார்க்க நவம்பருக்குப் பிறகு போங்கள். பாலாவியிலிருந்து வரும் பஸ் ஆலங்குடாத் திருப்பத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து கடற்கரைக்கு முச்சக்கர வண்டிக்கு இருநூறு ரூபாய் கேட்பார்கள். பாரூக் நானாவிடம் அறை நான்காயிரம், காலைச் சாப்பாட்டோடு. குடிக்க அவர் கடைப் போத்தல் தண்ணீர் தருவார், தரும்போது மன்னிப்பும் கேட்பார். பரவாயில்லை என்று சொல்லுங்கள்.