களி கேட்டு ஒரு தணிக்கைக் குறிப்பு

தணிக்கைக்குச் செல்லும் அலுவலர், தணிக்கை செய்யப்படும் சங்கத்தாரிடம் உணவு ஏற்கக் கூடாது. தமக்கு வேண்டிய உணவைத் தாமே கையோடு எடுத்துச் செல்ல வேண்டும், அல்லது கடையில் உண்ண வேண்டும். எங்கள் துறையின் விதி இது. நல்ல விதிதான். எழுதியவர் சாப்பாட்டுக் கடை உள்ள தெருவில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார், அவ்வளவே.

எண்பதுகளில் கூட்டுறவுச் சங்கங்களின் தணிக்கையாளனாகத் தர்மபுரிக்கு மாற்றலாகி வந்தேன். என் ஆளுகைக்கு உட்பட்ட சங்கங்களில் பாதி, டீக்கடைகூட இல்லாத ஊர்களில் இருந்தன. சேர்ந்த வாரமே மேலிடத்துக்கு எழுதினேன்: கடை இல்லாத ஊரில், சமைத்த உணவு மதியத்துக்குள் ஊசிப்போகும் வெயிலில், அலுவலர் எதை உண்பது என்று தெளிவுரை வேண்டப்படுகிறது. பதில் வரும்வரை எல்லாரையும் போல நானும் சங்கச் செயலாளர் வீட்டில் சாப்பிட்டேன்.

ஆறு மாதம் கழித்துக் கண் மங்கியது, கால் எரிந்தது. தர்மபுரியில் ஒரு மருத்துவர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எந்த ஊருங்க?”

“தஞ்சாவூர்ப் பக்கம்.”

“அப்ப மூணு வேளையும் சோறு.”

“ராத்திரி மட்டும் இட்லி” என்றேன், தற்காப்பாக.

மாத்திரை எழுதினார். பிறகு பேனாவை மூடிவிட்டுச் சொன்னார். “சோத்தைக் கொறைங்க. ராகிக் களி ஒரு உருண்டை, ஒண்ணுதான், ரெண்டாவது கேக்காதீங்க. சாமை, கொள்ளு, அவரை, கீரை. நடங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க. அப்பவும் எறங்கலைன்னா தெனமும் ஊசிதான்.”

ஊசி என்ற சொல்லில் எனக்குக் கால் எரிச்சலே மறந்துபோனது. பள்ளிக்கு அம்மை குத்த வந்தவர்களைக் கண்டு சுவர் ஏறிக் குதித்தவன் நான். இருந்தாலும் தைரியமாகத்தான் வெளியே வந்தேன். ராகி விளையும் மாவட்டத்தில் ராகிக்கா பஞ்சம்?

பஞ்சம்தான், அதிகாரிக்கு மட்டும்.

கம்பைநல்லூர்ப் பக்கத்துச் சங்கம் ஒன்றில் விஷயத்தை முன்கூட்டியே செயலாளரிடம் சொல்லிவைத்தேன். மதியம் இலை விழுந்தது. மல்லிகைப்பூப் போல வெள்ளைச் சோறு, பருப்பு, நெய், அப்பளம், பாயசம். கொல்லைப்புறத்திலிருந்து கொள்ளுக் கடைசலுக்குத் தாளிக்கும் வாசம் வந்துகொண்டிருந்தது. அது வீட்டாருக்கு.

“களி கேட்டேனே?”

அவர் முகம் சுண்டிவிட்டது. “உங்களுக்குப் போயி களி போடறதுங்களா சார்? ஊர்ல எம்மூஞ்சியில காறித் துப்புவாங்க.”

“எனக்குச் சர்க்கரை வியாதி.”

“அது தெரியாதுங்களா? அதான் சோத்தைக் கொறச்சு வச்சு, உருளைக்கிழங்கைக் கூட்டி வச்சிருக்குதுங்க.”

நெல்லுச்சோறு அந்த வீடுகளில் விருந்தாளிக்கும் விசேஷத்துக்கும் உரியது. களி அன்றாடம் தின்பது. வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் களிச்சட்டியை உள்ளே ஒளித்துவிட்டு அரிசிக்கு ஆள் அனுப்புவார்கள். என்னை எவ்வளவு மதித்தார்களோ அவ்வளவு வெள்ளையாக அரிசி வந்தது. பென்னாகரத்தில் ஓட்டலைத் தேடிப் போய் விதிப்படி நடக்கப் பார்த்தேன். “களியா? அதை வூட்லயே திங்கறாங்களே, இங்க எவன் சார் காசு குடுத்துத் திம்பான்?” என்று சிரித்துவிட்டுப் பரோட்டா வைத்தார் முதலாளி. மூன்று மாதத்தில் ஒரு மாதம் இப்படியே மரியாதையில் போயிற்று.

பிறகுதான் சித்தேரி. மலைப் பேருந்து ஏறிப் போய் இறங்கியபோது சங்கத் தலைவரே எதிர்கொண்டு அழைத்தார். அலுவலகம் என்பது அவர் வீட்டின் முன்னறை. வழக்கமாகப் பேரேட்டைக் கேட்டால் சாவி தொலைந்திருக்கும். அன்று கேட்காததையெல்லாம் கொண்டுவந்து அடுக்கினார். பங்குத்தொகை, தேன் கொள்முதல், புளி இருப்பு, பழைய சாக்கு எண்ணிக்கை.

“இதையும் ஒரு பார்வை பாத்துடுங்க சார்.”

மணி இரண்டைத் தாண்டியது. முப்பது வருட உத்தியோகத்தில் தணிக்கையை நீட்டித்துத் தரும்படி என்னைக் கேட்டுக்கொண்ட ஒரே மனிதர் அவர். தலைவர் அடிக்கடி வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்தார். கடைசியில் விஷயம் வெளியே வந்தது. எனக்காக அரூரிலிருந்து அரிசி வரவழைத்திருந்தார்கள். அதை ஏற்றி வந்த அடுத்த பேருந்து வழியில் எங்கோ நின்றுவிட்டது. உள்ளே அவர் மனைவி உலையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அரிசிக்காகக் காத்திருந்தார். பக்கத்து அடுப்பிலிருந்து ராகிக் களி வெந்து இறங்கிய வாசம் முன்னறைக்கே வந்தது.

“அந்தக் களியைப் போடுங்க” என்றேன்.

“அய்யோ, ஆவாதுங்க” என்றது உள்ளிருந்து குரல்.

கெஞ்சினேன். வியாதியைச் சொன்னேன். ஊசியைச் சொன்னேன். “இப்ப வந்துருங்க பஸ்ஸு” என்று மட்டும் பதில் வந்தது. பசி காதை அடைத்தது. நான் அறிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். தணிக்கைக் குறிப்புத் தாளில் எழுதித் தலைவரிடம் நீட்டினேன்: ‘இருப்பில் களி உள்ளதாகத் தெரியவருகிறது. உரிய நபர் கோரியும் வழங்கப்படவில்லை. காரணம் கூறுக.’

தலைவர் இரண்டு முறை வாசித்தார். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். குறிப்பை உரக்க வாசித்துக் காட்டுவது கேட்டது. பிறகு அடுப்படியே குலுங்கும்படி ஒரு சிரிப்பு. அந்த அம்மாள் வட்டிலோடு வெளியே வந்தார்.

“எழுத்துல கேட்டுட்டீங்களே, குடுக்காம என்ன பண்றது? தின்னுபோட்டு வவுறு வலிச்சா எம்மேல ஒண்ணும் எழுதப்படாது, சொல்லிட்டேன்.”

“எழுதமாட்டேங்க.”

ஒரு உருண்டை களி, கீரைக் கடைசல், கொள்ளுச்சாறு. ஆவலோடு ஒரு விள்ளலை வாயில் போட்டு மென்றேன். பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டது. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“களியைப் போயி மெல்லுறாரே!” என்றார் அம்மாள் மெதுவாக. “சாறுல தோச்சு முழுங்கோணுங்க சார். படிச்சவங்களுக்கு இது சொல்லித் தரலீங்களா?”

“பாடத்திட்டத்தில் இல்லீங்க.”

முழுங்கினேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது. இரண்டாவது உருண்டையோடு அவர் குனிந்தபோது வட்டிலைக் கையால் மூடிக்கொண்டேன். “ஒண்ணுதான். டாக்டர் உத்தரவு.”

“ஒரு உருண்டைக்கு அளவு வச்ச அந்த மவராசனை ஒருக்கா இங்க கூட்டியாங்க, நான் பாக்கறேன்.”

விலை கொடுக்கப் போனேன். திட்டு விழுந்தது. வாங்க மறுத்தால் என்ன செய்வது என்று விதியில் இல்லை. மலையிறங்கும் வழியெல்லாம் யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. உணவைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும் என்றுதான் விதி சொல்கிறதே தவிர, வேகவைத்து எடுத்துச் செல்லச் சொல்லவில்லை. அடுத்த பயணத்திலிருந்து என் பையில் ராகி மாவு ஒரு பொட்டலம், கொள்ளு ஒரு பொட்டலம். அந்த அம்மாள் மாவை விரலால் தேய்த்துப் பார்த்து, “டவுன் மில்லு மாவு, மணலாட்டம் இருக்குது” என்று தூற்றிவிட்டுத்தான் கிளறினார். விதி காப்பாற்றப்பட்டது.

குறிப்பு எழுதிக் களி வாங்கிய கதை எனக்கு முன்னால் எல்லாச் சங்கங்களுக்கும் போய்விட்டது. கம்பைநல்லூர்க்காரர் ரோஷத்தோடு வந்தார். “மலையில போயித் தின்னீங்களாமே! எங்க வூட்டுக் களி தொண்டையில எறங்காதுங்களா?” அடுத்த முறை அவர் வீட்டில் என் மாவில் களி, கூடவே அவரைக்கொட்டைக் குழம்பு. அதன்பின் எந்த ஊரிலும் எனக்காகச் சட்டி ஒளிக்கப்படவில்லை.

மூன்று மாதம் முடிந்து மருத்துவரிடம் போனேன். அவர் ரத்தச் சோதனைச் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எறங்கியிருக்கு. ஊசி இப்ப வேண்டாம். மாத்திரையை விட்டுடாதீங்க. எங்க சாப்பிடறீங்க?”

“தணிக்கையில்.”

மலையேறி நடந்ததிலும் பாதி பலன் இருக்கிறது என்றார். களி கேட்டு நடந்ததுதானே என்று விட்டுவிட்டேன்.

மறு தணிக்கைக்குச் சித்தேரியில் இருந்தபோது, என் அலுவலகத்திலிருந்து அங்கே அனுப்பிவைத்த உறை ஒன்று மலைப் பேருந்தில் வந்தது. ஒரு வருடத்துக்கு முந்தைய என் கடிதத்துக்கு மேலிடத்தின் தெளிவுரை. வட்டில் முன்னால் இருக்க, பிரித்து வாசித்தேன். ‘கடை இல்லாத இடங்களில் அலுவலர் தம்முடன் ரொட்டி எடுத்துச் செல்லலாம்.’

“என்னங்க எழுதியிருக்குது?” என்றார் அந்த அம்மாள்.

“ரொட்டி கொண்டு வந்து சாப்பிடச் சொல்லியிருக்காங்க.”

“ரொட்டியா?” பதறிப்போய் என் முகத்தைப் பார்த்தார். “காச்சலுங்களா உங்களுக்கு?”

இல்லை என்று தலையாட்டிவிட்டு ஒரு விள்ளலைச் சாற்றில் தோய்த்து முழுங்கினேன். வந்த கடிதத்தின் மூலையில் பெற்ற நாளைக் குறிக்க வேண்டும் என்பதும் விதி. இடது கையால் பேனாவைத் திறந்து, அந்த அம்மாளிடம் நாளைக் கேட்டு, அவர் சொன்னபடியே குறித்தேன்: ஆடிப்பெருக்குக்கு மறுநாள்.